பிற்பகல் வகுப்புகளில் என்னதான் நடக்கிறது? – வாசகர் கேள்வி பதில்

இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகளில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் வாசகர்களிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களில் கணிதம் பற்றியோ ஆங்கிலம் பற்றியோ கேட்டவை மிகச் சில. மாணவர் மன்றம், வதிவிடச் சுற்றுலா, உறவுமுறைக் கல்வி, நத்தார் நாடகம், நீச்சல் என்று பாடப்புத்தகத்துக்கு வெளியே நடப்பவை பற்றியே பலரும் கேட்டிருக்கிறார்கள். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாக்கியிருக்கிறேன். கீழே சொல்லப்படும் சட்டங்களும் ஒழுங்குகளும் இங்கிலாந்துக்கு உரியவை. ஸ்கொட்லாந்திலும் வேல்ஸிலும் நிலைமை வேறு.

கேள்வி: என் மகன் ஹரோவில் ஓர் அரச ஆரம்பப் பாடசாலையில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறான். மதியத்துக்குப் பிறகு அவர்கள் படிப்பதாகவே தெரியவில்லை. ஒரு நாள் மரங்களுக்கு நடுவே குச்சி சீவுகிறார்கள்; ஒரு நாள் வட்டமாக இருந்து மனதில் உள்ளதைச் சொல்கிறார்கள்; வெள்ளிக்கிழமை மாணவர் மன்றக் கூட்டம். வருகிற செப்டெம்பரில், தேர்வு வைத்துப் பிள்ளைகளைச் சேர்க்கும் கிராமர் பாடசாலைகளுக்கான பதினொரு வயதுத் தேர்வு இருக்கிறது. அந்த நேரத்தையும் கணக்குக்கு ஒதுக்கும்படி நாங்கள் சில பெற்றோர் சேர்ந்து அதிபரிடம் கேட்கலாமா?

பதில்: கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு, கொடுப்பதற்கு அதிபருக்கு உரிமை இல்லை. 2002ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி பாடசாலையின் கலைத்திட்டம் சமநிலையும் விரிவும் கொண்டதாக இருக்க வேண்டும். மாணவரின் ஆன்மிக, ஒழுக்க, பண்பாட்டு, உள, உடல் வளர்ச்சிக்குத் துணைசெய்து, பிற்கால வாழ்வின் வாய்ப்புகளுக்கும் பொறுப்புகளுக்கும் அவர்களைத் தயார்ப்படுத்த வேண்டும். உள்ளூராட்சிச் சபையின் கீழ் வராமல் அரச நிதியில் நடக்கும், அக்கடமி எனப்படும் பாடசாலைகளுக்கும் இதே கடமை உண்டு. பாடசாலைகளைப் பரிசோதிக்கும் அரச அமைப்பான ஒஃப்ஸ்டெட்டின் பரிசோதகர்கள் 2019 முதல் மாணவரின் ஆளுமை வளர்ச்சியைத் தனித் தலைப்பாக வைத்து மதிப்பிடுகிறார்கள். 2025 நவம்பரில் அறிமுகமான புதிய அறிக்கை அட்டையிலும் ஆளுமை வளர்ச்சியும் நலவாழ்வும் என்று ஒரு பகுதி இருக்கிறது. போதாததற்கு, அதே மாதம் வெளியான கலைத்திட்ட மீளாய்வு அறிக்கைக்குப் பதிலளித்த அரசாங்கம், குடியியல் கல்வியை ஆரம்பப் பாடசாலைகளிலும் கட்டாயமாக்கப் போவதாக அறிவித்திருக்கிறது. ஆகவே இந்தப் பிற்பகல்கள் இனிக் கூடுமே தவிரக் குறையா.

பதினொரு வயதுத் தேர்வு வேறு கணக்கு. இங்கிலாந்து முழுவதிலும் 163 கிராமர் பாடசாலைகள்தாம் இருக்கின்றன. ஹரோவில் ஒன்றுகூட இல்லை. பார்னெட்டையோ பக்கிங்ஹாம்ஷியரையோ மனதில் வைத்து நீங்கள் பிள்ளையைத் தயார்ப்படுத்துவது உங்கள் குடும்பத்தின் தெரிவு. அந்தத் தேர்வுக்குப் பயிற்சி கொடுப்பது ஆரம்பப் பாடசாலையின் வேலை என்று யாரும் வகுக்கவில்லை. பாடசாலை கணக்குக் காட்ட வேண்டியது ஆறாம் ஆண்டு மே மாதத்தில் நடக்கும் தேசியப் பரீட்சைகளுக்கும், நான்காம் ஆண்டின் பெருக்கல் வாய்ப்பாட்டுச் சோதனைக்குமே. 25 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 6 விநாடிகள் என்று நடக்கும் அந்தச் சோதனையை உங்கள் மகனும் எழுதியிருப்பான். கணக்கில் அவன் பின்தங்கியிருப்பதாக நினைத்தால் கணித வகுப்பைப் பற்றிக் கேளுங்கள்: எந்த அலகில் தடுக்குகிறான், என்ன உதவி கிடைக்கிறது என்று. அது நியாயமான கேள்வி. மற்ற வகுப்புகளின் நேரத்தைக் கேட்பது நியாயமில்லை.

குச்சி சீவுவதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம்மவர்கள் கூடுதலாக நகைப்பது அதைத்தான். சமர்செட்டில் உள்ள பிரிஜ்வோட்டர் கல்லூரியின் பாலர் பிரிவைச் சேர்ந்தவர்கள் 1993இல் டென்மார்க்குக்குச் சென்று, அங்கே சிறுபிள்ளைகள் நாள் முழுவதும் வெளியில் இருந்து பழகுவதைப் பார்த்துவிட்டு வந்து தொடங்கியதே இங்கிலாந்தின் வனப் பாடசாலை முறை. ஒரு பிள்ளைக்கு உருளைக்கிழங்குத் தோல் சீவும் கருவியைக் கொடுக்கும் முன் என்ன நடக்கிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். முதலில் இரு கைகளையும் விரித்து, சுற்றி எவரும் எட்டும் தூரத்தில் இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். குச்சியைப் பிடிக்கும் கைக்கு மட்டும் கையுறை. கருவி பிடிக்கும் கைக்கு இல்லை, ஏனென்றால் பிடி வழுக்கக் கூடாது. சீவும் திசை எப்போதும் உடலை விட்டு வெளியே. வேலை முடிந்ததும் கருவியைத் தரையில் போடாமல் உரிய பெட்டியில் வைத்து, எண்ணிக்கை சரியா என்று பார்க்க வேண்டும். பத்து வயதுப் பிள்ளை இந்த ஒழுங்கைத் தானாகச் செய்யத் தொடங்குவதற்குப் பல வாரங்கள் ஆகும். அதே பிள்ளை வினாக்கொத்தை எடுத்தவுடன் அறிவுறுத்தலை வாசிக்காமல் விடையெழுதத் தொடங்குகிறான் என்று பெற்றோர் குறைப்படுவதைக் கேட்டுமிருக்கிறேன்.

ஒன்று மட்டும் நினைவுபடுத்துகிறேன். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ படித்த நமக்கும் இல்ல விளையாட்டுப் போட்டி, வாணி விழா, தமிழ்த்தினப் போட்டி எல்லாம் இருந்தன. பழைய மாணவர் சங்கக் கூட்டங்களில் எவரும் தமது புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. எந்த இல்லம் எந்த ஆண்டு வென்றது என்பதில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது.

கேள்வி: உறவுமுறைக் கல்வி பற்றிப் பாடசாலை ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது. எட்டு, ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு? எங்கள் மகளை இந்த வகுப்புகளிலிருந்து விலக்கிவிட விரும்புகிறோம். ஈஸ்ட் ஹாமில் வேறு பெற்றோரும் இதே மனநிலையில் இருக்கிறார்கள்.

பதில்: மூன்று விடயங்கள் ஒன்றாகக் குழம்பியிருக்கின்றன, அவற்றைப் பிரித்துக்கொண்டால் உங்கள் கவலையில் பாதி தீரும். 2020 செப்டெம்பர் முதல் உறவுமுறைக் கல்வி எல்லா ஆரம்பப் பாடசாலைகளிலும் கட்டாயம்; சுகாதாரக் கல்வி அரச நிதி பெறும் பாடசாலைகளில் கட்டாயம். இவ்விரண்டிலிருந்தும் பிள்ளையை விலக்கும் உரிமை பெற்றோருக்கு இல்லை. மூன்றாவதான பாலியல் கல்வி ஆரம்பப் பாடசாலையில் கட்டாயமில்லை. பாடசாலை அதைக் கற்பிக்கத் தீர்மானித்தால், விஞ்ஞானப் பாடத்தில் வரும் பகுதி தவிர்ந்த ஏனையவற்றிலிருந்து உங்கள் மகளை விலக்கும்படி நீங்கள் கேட்கலாம். ஆரம்பப் பாடசாலையில் அந்தக் கோரிக்கையை அதிபர் ஏற்றே ஆக வேண்டும். திருத்திய வழிகாட்டி ஒன்று 2025 ஜூலையில் வெளியாகி, 2026 செப்டெம்பர் முதல் நடைமுறைக்கு உரியதாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. இந்த அடிப்படை அதிலும் மாறவில்லை.

அப்படியானால் எட்டு வயதில் என்ன கற்பிக்கிறார்கள்? குடும்பம், நட்பு, பிறரை மதித்தல், இணையத்தில் பழகுதல், பாதுகாப்பாக இருத்தல் ஆகியவையே ஆரம்பப் பாடசாலை உறவுமுறைக் கல்வியின் தலைப்புகள். நண்பன் ஒருவன் ‘இதை யாருக்கும் சொல்லாதே’ என்றால் எதை இரகசியமாக வைத்திருக்கலாம், எதை உடனே பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும் என்பது ஒரு பாடம். முகம் தெரியாத ஒருவர் விளையாட்டுச் செயலியில் செய்தி அனுப்பினால் என்ன செய்வது என்பது இன்னொரு பாடம். குடும்பங்கள் பல வகைப்பட்டவை என்பதும் சொல்லப்படும். பாட்டியோடு வளரும் பிள்ளை, தந்தை வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை, இரு தாய்மார் உள்ள பிள்ளை என்று எல்லாரும் ஒரே வகுப்பில்தான் இருக்கிறார்கள். இதில் கடைசியைப் பற்றிச் சில பெற்றோருக்கு உடன்பாடு இல்லை என்பதை அறிவேன். வீட்டில் உங்கள் நம்பிக்கையைச் சொல்லிக் கொடுப்பதை யாரும் தடுக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் பிள்ளையின் குடும்பம் குடும்பமே இல்லை என்று மகள் சொல்லாதிருந்தால் போதும்.

சுகாதாரக் கல்வியில் ஒன்பது முதல் பதினொரு வயதுக்குள் பருவமடைதலும் மாதவிடாயும் கற்பிக்கப்படும். இதைத்தான் தவறவிடவே கூடாது என்று நான் சொல்வேன். நம் சமூகத்தில் மண்டபம் எடுத்து, ஆயிரம் பேரை அழைத்து, படப்பிடிப்புக் குழுவை வைத்துப் பூப்புனித நீராட்டு விழா செய்கிறோம். அந்தப் பெண் பிள்ளைக்கு முதல் நாள் அது வரும்வரை எவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். நான்காம் ஐந்தாம் ஆண்டிலேயே பருவமடையும் பிள்ளைகள் இருக்கிறார்கள். பாடசாலைக் கழிப்பறையில் பயந்துபோய் அழுதபடி நிற்கும் பிள்ளைக்கு, தாயும் ஆசிரியரும் முன்கூட்டியே சொல்லியிருந்தால் அந்தப் பயம் வந்திராது.

பாடசாலை தன் கொள்கையை எழுத்தில் வைத்திருக்கவும், இணையத்தளத்தில் வெளியிடவும், அதை வகுக்கும்போது பெற்றோரைக் கலந்தாலோசிக்கவும் கடமைப்பட்டது. உங்களுக்கு வந்த கடிதம் பெரும்பாலும் அந்த ஆலோசனைக்கானதாக இருக்கும். வாட்ஸ்அப் குழுவில் வந்த படங்களை வைத்து முடிவெடுக்காமல், வகுப்பில் உண்மையில் பயன்படுத்தப்போகும் பாடநூலையும் காணொளியையும் காட்டும்படி கேளுங்கள். கேட்டால் காட்ட வேண்டும்.

கேள்வி: என் பேரன் லெஸ்டரில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். நேற்றுப் பாடசாலையால் வந்ததும் ‘அப்பப்பா, நான் இன்றைக்கு நீல வலயத்தில் இருக்கிறேன், என்னோடு கதைக்காதீங்கோ’ என்றான். அவனுடைய தாய் தகப்பன் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. இது என்ன படிப்பு?

பதில்: ஐயா, உங்கள் பேரன் தனக்குக் களைப்பாக அல்லது கவலையாக இருக்கிறது என்று உங்களிடம் அழகாகச் சொல்லியிருக்கிறான். லியா கைபர்ஸ் என்ற அமெரிக்கத் தொழில்வழிச் சிகிச்சையாளர் 2011இல் வெளியிட்ட முறை இது. இங்கிலாந்தின் ஆரம்பப் பாடசாலைகள் பலவற்றில் பயன்பாட்டில் இருக்கிறது. நான்கு நிறங்கள். சோர்வு, கவலை, உடல்நலக் குறைவு ஆகியவை நீலம். அமைதியாகப் படிக்கத் தயாராக இருப்பது பச்சை. பதற்றம், பரபரப்பு, அளவு மீறிய உற்சாகம் மஞ்சள். கட்டுக்கடங்காத கோபமோ பயமோ சிவப்பு. காலையில் வகுப்புக்குள் வரும்போது பிள்ளை தன் பெயர் எழுதிய அட்டையை ஏதாவது ஒரு நிறத்தில் மாட்டும். ஆசிரியர் ஒரு பார்வையில் யாரிடம் மெதுவாகப் பேச வேண்டும் என்று தெரிந்துகொள்வார். அதன் பிறகு அந்த நிலையிலிருந்து வெளியே வர எது உதவும் என்று பிள்ளையோடு சேர்ந்து பார்ப்பார்கள்: தண்ணீர் குடிப்பதா, சுவரைத் தள்ளுவதா, மெதுவாக மூச்சு விடுவதா, கொஞ்ச நேரம் தனியே இருப்பதா.

எனக்கு இந்த முறையில் ஒரு குறை தெரிகிறது. சில வகுப்பறைகளில் பச்சை நல்ல பிள்ளையின் நிறமாகவும் சிவப்பு கெட்ட பிள்ளையின் நிறமாகவும் மாறிவிடுகிறது. நீலத்தில் மாட்டினால் ‘ஏன், சிரிக்கலாமே’ என்று கேட்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டே வாரத்தில் எல்லாப் பிள்ளைகளும் பச்சையிலேயே மாட்டப் பழகிவிடுவார்கள், முறை செத்துவிடும். எந்த நிறமும் குற்றமில்லை என்பதே அதன் அடிப்படை.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. அவன் கேட்டபடி கொஞ்ச நேரம் விட்டுவிடுங்கள். தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்த பிறகு, உங்களுக்கு அன்றைக்கு என்ன நிறம் என்று நீங்களே சொல்லிப் பாருங்கள். முழங்கால் வலியால் காலையில் நீலமாக இருந்தது, அவன் வந்ததும் பச்சையாகிவிட்டது என்று சொன்னால், தன் நிறம் ஏன் மாறியது என்று அவனே சொல்லத் தொடங்குவான்.

கேள்வி: ஆறாம் ஆண்டு மகளின் பாடசாலையில் ஐந்து நாள் வதிவிடச் சுற்றுலா. கட்டணம் சில நூறு பவுண்கள். அவள் ஒரு நாள்கூட எங்களை விட்டுப் படுத்ததில்லை, மரக்கறிச் சாப்பாடு மட்டும்தான். கணவருக்கு விருப்பமில்லை. அனுப்பாவிட்டால் பிரச்சினை வருமா? (மில்டன் கீன்ஸ்)

பதில்: அனுப்பும்படி உங்களை எவரும் வற்புறுத்த முடியாது. அனுப்பாத பிள்ளைகள் அந்த வாரம் பாடசாலைக்கு வந்து வேறு வேலை செய்வார்கள்; வீட்டில் நிறுத்தினால் அது அனுமதியில்லாத விடுப்பாகிவிடும்.

முதலில் காசைப் பேசிவிடுவோம், ஏனென்றால் பல குடும்பங்கள் கணவருக்கு விருப்பமில்லை, மனைவிக்குப் பயம் என்று எழுதுவதற்குப் பின்னால் இருப்பது காசுதான். அதைச் சொல்ல நமக்குக் கூச்சம். அரச பாடசாலை, பாடசாலை நேரத்தில் நடக்கும் கல்விக்குக் கட்டணம் அறவிட முடியாது. ஒரு நாள் பயணங்களுக்கு அவர்கள் கேட்பது விருப்பப் பங்களிப்பு மட்டுமே. பெற்றோர் கொடுக்கவில்லை என்பதற்காக ஒரு பிள்ளையை விட்டுவிட்டுப் போகக் கூடாது. போதிய பங்களிப்புச் சேராவிட்டால் முழுப் பயணத்தையும் கைவிடலாம், அவ்வளவுதான். இரவு தங்கும் பயணத்தில் தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் உண்மையான செலவை அறவிடலாம். குறிப்பிட்ட அரச கொடுப்பனவுகள் பெறும் குடும்பங்களிடம் அதையும் அறவிடக் கூடாது. உங்கள் குடும்பம் அந்த வகையில் வருமா என்று பாடசாலை அலுவலகத்தில் தனியாகக் கேளுங்கள். வராவிட்டாலும் தவணையாகக் கட்டுவதற்கு ஒழுங்கு செய்து தருவார்கள். லண்டன் வாசகர்களுக்கு இங்கே ஒரு சொல்: 2023 செப்டெம்பர் முதல் மேயரின் திட்டத்தில் எல்லா அரச ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் இலவச மதிய உணவு கிடைப்பதால், தகுதியுள்ள குடும்பங்கள் பலவும் அரசின் இலவச உணவுத் திட்டத்தில் பதிவு செய்வதில்லை. பதிவு செய்தால்தான் அந்தப் பிள்ளைக்கான மேலதிக நிதி பாடசாலைக்கு வரும். பயணங்களுக்கு உதவி கொடுப்பது பெரும்பாலும் அந்த நிதியிலிருந்துதான்.

மற்றக் கவலைகளுக்குப் பெற்றோர் கூட்டம் இருக்கிறது. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் வெவ்வேறு அறைகளில்தான் படுப்பார்கள். எந்த ஆசிரியர் எந்த அறைக்குப் பக்கத்தில் இருப்பார், இரவில் பயந்தால் யாரிடம் போவது, மாதவிடாய் வந்தால் யாரிடம் சொல்வது என்று உங்கள் கணவரையே நேரில் கேட்கச் சொல்லுங்கள். மரக்கறிச் சாப்பாடு இத்தகைய நிலையங்களில் பிரச்சினையே இல்லை, சுவையை மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

அனுப்புங்கள் என்பதே என் கருத்து. பதினொரு வயதில் இவள் இன்னும் சில மாதங்களில் இரண்டாம் நிலைப் பாடசாலைக்குத் தனியாக பஸ் பிடித்துப் போகப் போகிறவள். வதிவிடப் பயணத்தில் மலையேறுவதும் கயிற்றில் தொங்குவதும் படம் எடுக்கத்தான் பயன்படும். போர்வை உறையைத் தானே மாட்ட முடியாமல் தவித்து, எதிர்க் கட்டிலில் இருப்பவளைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு மூலையாகப் பிடித்து உதறி மாட்டுகிறார்களே, உண்மையான கல்வி அங்கேதான் நடக்கிறது. ஈரச் சப்பாத்தை எங்கே காய வைப்பது என்று அம்மாவைக் கேட்க முடியாத ஐந்து நாள். போவதற்கு முன் அவளுடைய பையை அவளையே அடுக்க விடுங்கள். நீங்கள் அடுக்கினால் எது எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது.

கேள்வி: நீச்சல் நாட்களில் மகளுக்குத் தடிமன் பிடிக்கிறது. அந்த நாளில் மட்டும் வீட்டில் நிறுத்தலாமா? (குரொய்டன்)

பதில்: கூடாது. நீச்சல் தேசியக் கலைத்திட்டத்தின் பகுதி. ஆரம்பப் பாடசாலையை விட்டு வெளியேறும்போது ஒவ்வொரு பிள்ளையும் குறைந்தது 25 மீற்றராவது நம்பிக்கையோடு நீந்தவும், நீரில் ஆபத்து நேர்ந்தால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதி. தடிமன் தண்ணீரால் வருவதில்லை, கிருமியால் வருகிறது. தலையை நன்றாகத் துவட்ட ஒரு பெரிய துவாயும், வெளியே வந்ததும் போட ஒரு கம்பளித் தொப்பியும் கொடுத்துவிடுங்கள். உடை பற்றிய கூச்சமென்றால் கை கால் மூடிய நீச்சலுடைக்கு அனுமதி கேளுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவர்கள். நத்தார் நாடகத்தில் என் மகனுக்கு இடையன் வேடம் கொடுத்திருக்கிறார்கள். தினமும் காலைக் கூட்டத்தில் கிறிஸ்தவப் பிரார்த்தனையும் நடக்கிறதாம். நாங்கள் மறுக்கலாமா?

பதில்: மறுக்கலாம். அரச பாடசாலைகள் நாள்தோறும் கூட்டு வழிபாடு நடத்த வேண்டும் என்பதும், சமயச் சார்பற்ற பாடசாலைகளிலும் அது பெரும்பாலும் கிறிஸ்தவத் தன்மை கொண்டதாக இருக்க வேண்டும் என்பதும் இன்றும் சட்டம்தான். வழிபாட்டிலிருந்தும் சமய பாடத்திலிருந்தும் பிள்ளையை முழுவதுமாகவோ ஓரளவுக்கோ விலக்கும் உரிமை 1998ஆம் ஆண்டின் சட்டத்தில் பெற்றோருக்கு உண்டு; காரணம் சொல்லத் தேவையில்லை. நடைமுறையில் காலைக் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு கதை, ஒரு பாட்டு, சான்றிதழ் வழங்கல், ஒரு நிமிட மௌனம் என்ற அளவில் இருக்கும்.

நான் விலக்க மாட்டேன். ஊரில் கிறிஸ்தவப் பாடசாலைகளில் படித்த சைவப் பிள்ளைகள் ஒளிவிழாவில் பாடினார்கள். வீட்டுக்கு வந்து திருநீறும் பூசினார்கள். சமய பாடத்தை விட்டு விலக்கினால் அவன் இழப்பது இன்னும் அதிகம், ஏனென்றால் சட்டப்படி அப்பாடம் நாட்டிலுள்ள ஏனைய முக்கிய சமயங்களையும் கருத்தில் கொள்ள வேண்டும். இந்து சமயமும் அதில் வரும். அங்கே நம்மவர்களுக்கு வேலை இருக்கிறது. தீபாவளி பற்றிய பாடத்தில் பெரும்பாலும் இராமர் அயோத்தி திரும்பிய கதையே சொல்லப்படும். நம் வீடுகளில் சொல்லும் நரகாசுரன் கதை ஆசிரியருக்குத் தெரிந்திருக்காது. தைப்பொங்கல் சமயத்தில் வகுப்புக்கு வந்து அரை மணி நேரம் பேசலாமா என்று கேட்டுப் பாருங்கள். பானையும் கோலமாவும் கொண்டுபோனால் போதும். நெருப்பு மூட்ட மட்டும் விடமாட்டார்கள்.

கேள்வி: சனி காலை தமிழ்ப் பள்ளி, பிற்பகல் பரதநாட்டியம், ஞாயிறு மிருதங்கமும் ரியூசனும், வியாழன் கராத்தே. இவ்வளவும் நாங்களே கொடுக்கும்போது பாடசாலையின் ஆளுமை வளர்ச்சி எதற்கு? ஒன்பது வயது மகள் இப்போது எல்லாவற்றுக்கும் சிணுங்குகிறாள்.

பதில்: உங்கள் கடிதத்தின் கடைசி வரியிலேயே விடை இருக்கிறது. நீங்கள் கொடுப்பவை எல்லாம் திறன்கள். எல்லாம் பெரியவர் சொல்ல, பிள்ளை செய்பவை. அதில் தவறில்லை, அரங்கேற்றம்வரை போகும் பிள்ளையின் உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனால் தானாக ஒன்றைத் தீர்மானித்து, அது பிழைத்துப் போனால் அதற்குப் பதில் சொல்லும் வாய்ப்பு அவளுக்கு எந்த நாளில் கிடைக்கிறது? பாடசாலையில் விளையாட்டுத் திடலில் தனியாக நிற்கும் சிறு பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறார்கள். அவளிடம் யாரும் அடவு சொல்லிக் கொடுப்பதில்லை. அந்தச் சின்னப் பிள்ளை பேச மறுத்தால் என்ன செய்வது என்று அவளே யோசிக்க வேண்டும்.

இரண்டு வகுப்புகளைக் குறையுங்கள். எவை என்று மகளிடம் கேளுங்கள். அவள் ரியூசனைச் சொன்னால் அதிர்ச்சி அடையாதீர்கள்; தமிழ்ப் பள்ளியைச் சொன்னால் மட்டும், இன்னும் ஒரு வருடம் பார்ப்போம் என்று நான் பேரம் பேசுவேன். பரதநாட்டியத்தையோ மிருதங்கத்தையோ வைத்துக்கொண்டால் அதை வகுப்பாசிரியருக்குத் தெரியப்படுத்துங்கள். பல பாடசாலைகளில் முழு வகுப்புக்கும் ஒரு வருடம் உக்குலேலே சொல்லிக் கொடுத்துவிட்டு அதோடு விட்டுவிடுகிறார்கள். தாளக் கட்டு அறிந்த பிள்ளை ஒன்று வகுப்பில் இருப்பது இசை ஆசிரியருக்குத் தெரியாமலே போய்விடக் கூடாது.

கேள்வி: மகனை வருகிற ஆண்டு ரிசெப்ஷன் எனப்படும் தொடக்க வகுப்பில் சேர்க்க வேண்டும். எல்லாப் பாடசாலை இணையத்தளங்களிலும் ஆளுமை வளர்ச்சி, விழுமியங்கள் என்று ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். உண்மையில் எங்கே செய்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (சட்டன்)

பதில்: சுவரில் தொங்கும் பதாகைகளைப் பார்க்காதீர்கள். மக்களாட்சி, சட்டத்தின் ஆட்சி, தனிமனிதச் சுதந்திரம், பரஸ்பர மதிப்பும் சகிப்பும் என்று பிரித்தானிய விழுமியங்களை எழுதி ஒட்டாத பாடசாலை இன்று இல்லை. 2014 நவம்பரில் வந்த அரச அறிவுறுத்தலுக்குப் பிறகு அவை வாசல் கண்ணாடியில் இருக்கும் தொலைபேசி எண்ணைப் போலாகிவிட்டன.

இணையத்தளத்திலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. உடற்கல்விக்கென்று 2013 முதல் அரசு ஒரு தனி நிதி கொடுத்துவருகிறது. 2025–26இல் தகுதியுள்ள பிள்ளைகள் 17 பேராவது இருக்கும் பாடசாலைக்கு 16,000 பவுண்களும் பிள்ளைக்கு 10 பவுண்களும். அது எப்படிச் செலவானது என்பதையும், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளில் எத்தனை வீதத்தினர் 25 மீற்றர் நீந்துகிறார்கள் என்பதையும் பாடசாலை வெளியிட வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேடுங்கள். நான்கு வருடப் பழைய ஆவணம் கிடந்தால், அல்லது நீச்சல் கட்டம் காலியாக இருந்தால், மற்ற வாக்குறுதிகளையும் அதே கண்ணால் பாருங்கள். ஒஃப்ஸ்டெட் அறிக்கையில் ஆளுமை வளர்ச்சிப் பகுதியை மதிப்பீட்டுச் சொல்லோடு நிறுத்தாமல் பந்தி முழுவதையும் வாசியுங்கள். மேலதிக வகுப்புகளில் யார் சேர்கிறார்கள், வசதி குறைந்த பிள்ளைகளும் விசேட தேவையுள்ள பிள்ளைகளும் அதில் இருக்கிறார்களா என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

நேரில் பார்க்கப் போகும்போது மதிய இடைவேளை நேரத்தைக் கேட்டுப் பெறுங்கள். காலை நேரத்து வகுப்பறைகள் எல்லாப் பாடசாலைகளிலும் அமைதியாகத்தான் இருக்கும். பல இடங்களில் உங்களைச் சுற்றிக் காட்ட ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளையே அனுப்புவார்கள். அந்தப் பிள்ளையிடம், மாணவர் மன்றம் சொன்னதால் இந்த வருடம் பாடசாலையில் என்ன மாறியது என்று கேளுங்கள். கழிப்பறையில் சவர்க்காரம் வைத்தார்கள், உதைபந்துத் திடலைப் பெண் பிள்ளைகளுக்கும் முறை வைத்துக் கொடுத்தார்கள் என்று சிறியதாக ஏதாவது சொன்னால் அந்த மன்றம் உயிரோடு இருக்கிறது. ‘நாங்கள் பட்ஜ் போட்டிருக்கிறோம்’ என்று மட்டும் சொன்னால் அடுத்த பாடசாலையையும் போய்ப் பாருங்கள். திறந்த நாட்கள் பெரும்பாலும் ஒக்டோபர், நவம்பரில் வரும். விண்ணப்பம் ஜனவரி 15க்குள் உங்கள் உள்ளூராட்சிச் சபைக்குப் போய்ச் சேர வேண்டும், முடிவு ஏப்ரல் 16 அன்று தெரியும்.